குடும்பம் மாறிய மேக்ரோசோமா

மெக்சிகோ முதல் பொலிவியா வரையிலான வெப்பமண்டலக் காடுகளில் மேக்ரோசோமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சுமார் 35 பூச்சியினங்கள் வாழ்கின்றன. உடல் மெலிந்தது, இறகுகள் பெரும்பாலும் மங்கிய பழுப்பு. பல இனங்கள் இரவில் பறந்து விளக்கொளியை நாடி வரும். வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு நுனியில் இருக்கும் குமிழ் இவற்றுக்குக் கிடையாது. பார்க்கும் எவரும் அந்துப்பூச்சி என்றே சொல்வர்.

அறிவியலாளர்களும் அப்படியே கொண்டனர். ஜெர்மனியின் ஜேக்கப் ஹியூப்னர் 1818இல் மேக்ரோசோமா என்ற பெயரைச் சூட்டினார். பிரெஞ்சுக்காரரான அஷில் கெனே 1850களில் இவற்றுக்கென ஹெடிலிடே என்ற குடும்பத்தை வகுத்தபோதும், அதை ஜியோமெட்ரிட் அந்துகளின் கூட்டத்திலேயே வைத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த இடம் மாறவில்லை. அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் ஊசி குத்திய முதிர்பூச்சிகளே இருந்தன. முட்டையையும் புழுவையும் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மால்கம் ஸ்கோபிள் 1986இல் இந்த வகைப்பாட்டை மறுத்தார். ஜியோமெட்ரிட் அந்துகளின் வயிற்றடியில் உள்ள செவிப்பறை மேக்ரோசோமாவுக்கு இல்லை. முட்டை நெட்டுக்குத்தாக நின்று, மேலிருந்து கீழாக வரிமேடுகள் ஓடும். புழுவின் தலையில் இரு கொம்புகள். பின்முனை கவையாகப் பிரிந்திருக்கும். சில இனங்களின் கூட்டுப்புழு உறை எதுவுமின்றி, இடுப்பில் சுற்றிய ஒற்றைப் பட்டிழையால் இலையோடு தன்னைக் கட்டிக்கொள்ளும். இவையெல்லாம் வண்ணத்துப்பூச்சிகளிடம் பழக்கமான அடையாளங்கள். நிறத்தையும் பறக்கும் நேரத்தையும் விட இவையே உறவை உறுதியாகக் காட்டின.

வயிற்றில் செவிப்பறை இல்லை என்பதால் இதைக் காதில்லாத பூச்சி என்பதும் சரியல்ல. ஆய்வாளர்கள் ஜெய்ன் யாக், ஜேம்ஸ் ஃபுல்லார்ட் இருவரும் 2000இல் மேக்ரோசோமா ஹெலிகோனியேரியாவின் முன்னிறகு அடியில் ஒரு செவி இருப்பதை வெளியிட்டனர். வௌவால் எழுப்புவது போன்ற மீயொலி பட்டதும் பூச்சி சட்டெனத் திசை மாறிப் பறந்தது. ஜியோமெட்ரிட்டுகளுக்கு வயிற்றில் அமைந்த காப்பு, இதற்கு இறகில் தனியாகத் தோன்றியிருக்கிறது.

2011இல் வெளியான உலகளாவிய வகைப்பாட்டுப் பட்டியல் ஹெடிலிடேயை வண்ணத்துப்பூச்சிகளின் ஏழு குடும்பங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள், துள்ளிகள் எனப்படும் ஹெஸ்பெரிடே குடும்பமே இதற்கு மிக நெருங்கிய உறவு என்று காட்டின.