பார்க்கிங்கில் நிற்கும் முதல் பைக்



மாலை நடைப்பயிற்சிக்கு இறங்கும்போது ஒரு நாள் பி பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கின் கடைசி வரிசையைப் பாருங்கள். தார்ப்பாய் போர்த்திய ஏழு வண்டிகள் நிற்கின்றன. டயர்களில் காற்று இல்லை. ஒன்றின் சீட்டில் போன வருடம் பூனை குட்டி போட்டது. அந்த ஏழில் ஒன்று என்னுடையது. 1983 மாடல் யெஸ்டி 250. பதினொரு வருடமாக நகரவில்லை.

எலக்ட்ரிக் வண்டிகளுக்கு சார்ஜிங் பாயின்ட் வைக்க அந்த இடம் வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் கமிட்டி சொன்னபோது எதிர்த்து எழுந்தவர்களில் நானும் ஒருவன். "அது வெறும் வண்டி இல்லை சார், என் முதல் பைக்" என்றேன். செயலாளர் அமைதியாகக் கேட்டார்: "அவ்வளவு பிரியம் என்றால் ஏன் சார் வேறு வண்டிக்கு மாறினீர்கள்?"

அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். இதில் உங்கள் வீட்டு வண்டிகளின் வரலாறும் இருக்கும்.

கடையில் மூன்றே பெயர்கள்

1980க்கு முன் பைக் வாங்கப் போனவருக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. முதலாவது புல்லட். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. வண்டி நம் திருவொற்றியூரில் தயாரானது. இங்கிலாந்தில் அந்த நிறுவனமே 1970இல் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உதைப்பதற்கு முன் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடிக்க வேண்டும். தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

இரண்டாவது ராஜ்தூத். போலந்து நாட்டு வண்டி ஒன்றின் வடிவத்தை வைத்து எஸ்கார்ட்ஸ் நிறுவனம் செய்த 175 சிசி வண்டி. மூன்றாவது ஜாவா. செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில், ஐடியல் ஜாவா நிறுவனம் மைசூர் யாதவகிரியில் செய்தது. 1961இல் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் ஆலையைத் திறந்துவைத்தார். 1973இல் அதே வண்டி யெஸ்டி என்று பெயர் மாறியது.

அது லைசென்ஸ் காலம். எந்த ஆலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு தீர்மானித்தது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். என் அப்பாவும் பதிந்திருந்தார். அலாட்மென்ட் வருவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. முதல் வருடச் சேமிப்போடு அம்மாவின் இரண்டு வளையல்களும் சேர்ந்து அந்த யெஸ்டி வீட்டுக்கு வந்தது.

இளையவர்களுக்காக ஒரு விஷயம். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். அதை உள்ளே தள்ளி மேலே நிமிர்த்தினால் கிக்கர், மடக்கினால் கியர். இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். பெட்ரோல் போடும்போதெல்லாம் அளவு பார்த்து ஆயிலும் கலக்க வேண்டும். தெருமுனையில் திரும்பும்போதே என் வண்டிச் சத்தம் கேட்டு அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார்.

100 சிசி வந்தது

1980இல் ஒசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட். பைக் வாங்க முடியாத குடும்பங்கள் அதில்தான் ஏறின. பிறகு 100 சிசி வரையிலான வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டு அனுமதிக்கப்பட்டதும் நான்கு ஜப்பான் நிறுவனங்கள் வந்தன. 1984இல் டிவிஎஸ்ஸோடு சுசுகி, 1985இல் ஹீரோவோடு ஹோண்டா, அதே வருடம் எஸ்கார்ட்ஸோடு யமஹா, தொடர்ந்து பஜாஜோடு கவாசகி.

இளைஞர்களின் மனதைப் பிடித்தது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி இன்ஜின்தான், ஆனால் 11 குதிரைத்திறன். இன்றும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவர்கள் நம் ஏ பிளாக்கிலேயே இருக்கிறார்கள். குடும்பங்களைப் பிடித்தது ஹீரோ ஹோண்டா சிடி 100. பெட்ரோல் ஊற்று, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் அதன் விளம்பரம் வரும். காரணம் அதன் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரிபொருள் எரிந்து உந்துதல் கிடைக்கும். இழுவை அதிகம். ஆனால் எரியாத பெட்ரோலில் கொஞ்சம் புகையோடு வெளியே போய்விடும். கலந்த ஆயிலும் சேர்ந்து எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உந்துதல். சீற்றம் குறைவு, ஆனால் பெட்ரோல் மிச்சம், புகையும் குறைவு. ஆயில் கலக்கும் வேலையும் இல்லை.

நான் மாறிய கதை

1990இல் வளைகுடா நெருக்கடியில் பெட்ரோல் விலை ஏறியது. என் யெஸ்டி லிட்டருக்கு முப்பது கொடுத்தால் பெரிது. ஆனாலும் நான் மாறவில்லை. அப்போது பலரும் இப்படித்தான் கணக்குப் போட்டுவிட்டுக் கணக்கை மடித்து வைத்தார்கள்.

மாற்றியது 1991 நவம்பரில் ஓர் இரவு. இரண்டாவது குழந்தைக்குக் காய்ச்சல் 104. வெளியே மழை. உதைத்தேன், உதைத்தேன், ஸ்டார்ட் ஆகவில்லை. வண்டியைக் குறை சொல்லமாட்டேன். அன்று காலை அவசரத்தில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியது நான்தான். பிளக் கரியடைத்துப் போயிருந்தது. மனைவி குழந்தையைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு கேட்டருகே நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் வந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டாள். மறுமாதமே அலுவலகத்தில் கடன் போட்டு சிடி 100 வாங்கினேன்.

அந்த சிடி 100ஐப் பற்றி நான் யாரிடமும் பெருமையாகப் பேசியதில்லை. அதன் பதிவு எண்கூட இப்போது நினைவில்லை. ஆனால் பதினாறு வருடம் அது ஒரு காலையும் என்னை நிற்க வைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்குப் போனார்கள். அப்பாவைக் கடைசியாக டாக்டரிடம் கூட்டிப் போனதும் அதில்தான். முதல் வண்டியைக் கவனிக்க நான் தேவைப்பட்டேன், அதனால் அது நினைவில் நின்றது. இரண்டாவது வண்டி எங்களைக் கவனித்துக்கொண்டது. 2007இல் அதை விற்ற அன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஊரே மாறியது

நான் மட்டும் மாறவில்லை. 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 1996இல் புகை விதிகள் இறுகின. அதே வருடம் ஆர்எக்ஸ் 100 உற்பத்தி நின்றது, மைசூர் ஆலையும் மூடப்பட்டது. 2000இல் விதிகள் இன்னும் கடுமையாக, டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாகக் கடையிலிருந்து மறைந்தன. 2001இல் ஹீரோ ஹோண்டா உலகிலேயே அதிக இருசக்கர வாகனம் செய்யும் நிறுவனமானது. அதே வருடம் பஜாஜ் பல்சர் வந்தது, ஹோண்டா ஆக்டிவாவும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. என் மகன் பல்சர் கேட்டான், மனைவி ஆக்டிவா கேட்டாள். ஒரே வீட்டில் இரண்டு காலம் சேர்ந்து நின்றது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தது. இன்று எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் தயாராகின்றன. டிவிஎஸ் 50 பிறந்த அதே பகுதி. 1991இல் மழையில் காய்ச்சலோடு இருந்த அந்தக் குழந்தை இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறாள். சார்ஜ் போட இடமில்லாமல் மூன்றாவது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அவளுக்கு வேண்டிய இடத்தைத்தான் என் யெஸ்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இது எனக்குப் பொதுக்குழுவில் புரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒயரைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

நாம் செய்ய வேண்டியது

அந்த ஏழு வண்டிகளின் உரிமையாளர்களுக்கும், வீட்டில் பழைய ஆர்சி புத்தகம் வைத்திருப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

யாருக்காவது கொடுப்பதானால் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர். நாளை விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

உடைப்பதானால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள்.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சி பிளாக்கில் ஒரு தம்பி இருக்கிறார். பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளைப் பழுது பார்த்து ஓட்டுபவர். போன ஞாயிறு தார்ப்பாயை எடுத்து இருவரும் சேர்ந்து டேங்கைக் கழுவினோம். கார்புரேட்டரைக் கழற்றி வைத்திருக்கிறோம். பதிவைப் புதுப்பித்ததும் பெயரையும் அவருக்கு மாற்றிக் கொடுக்கிறேன். வண்டி அவருடைய சொந்த ஊர் வீட்டுக்குப் போகிறது. மாதக் கடைசிக்குள் என் இடம் காலி.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் வண்டியின் படம் இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கூடவே, அதற்கடுத்து வாங்கிய வண்டியின் படத்தையும் தேடிப் பாருங்கள். என்னிடம் அது இல்லை. உங்களிடம் இருக்கலாம்.