சராசரியில் கரையும் வடிவங்கள்: சிங்கப்பூரின் ஈஸ்ட் ஆய்வை முன்வைத்து

சிராங்கூன் சாலை ரொட்டிக்கடைகளில் மாவை உப்பவைக்கும் அதே ஈஸ்ட், கென்ட் ரிட்ஜில் ஒரு பழைய நம்பிக்கையை அசைத்திருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லூ கான் குழு 2023இல் ‘ஈலைஃப்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, டிஎன்ஏ சுருண்டிருக்கும் அடிப்படை அலகான நியூக்ளியோசோமுக்குப் பாடநூல்கள் காட்டும் வடிவம் ஈஸ்ட் செல்லுக்குள் எதிர்பார்த்த எண்ணிக்கையில் 10 விழுக்காடுகூட இல்லை.

அந்தப் பாடநூல் வடிவம் 1997இல் படிகங்களிலிருந்து துல்லியமாகக் கண்டறியப்பட்டது. எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வளைந்திருக்கும். ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள குட்டை உருளை. ஆனால் படிகத்தில் இருந்தவை தூய்மைப்படுத்திய புரதமும் டிஎன்ஏவும் மட்டுமே. செல்லுக்குள்ளோ கடும் நெரிசல்.

அந்த நெரிசலுக்குள் பார்க்க இக்குழு கையாண்ட கிரையோ எலக்ட்ரான் டோமோகிராஃபி முறை, செல்லையே பனிப்படிகம் உருவாகாதபடி நொடிப்பொழுதில் உறையவைத்து, மெல்லிய சீவலாக்கி, பல கோணங்களில் சாய்த்துப் படமெடுக்கிறது. தட்டையான அந்தப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்பது கணிதத்தின் வேலை. அதில் நம்மவர் பங்கு பெரிது: சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் ஆய்வால் புகழ்பெற்ற ஜி. என். இராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971இல் எழுதிய கட்டுரை, எலக்ட்ரான் நுண்படங்களைத் தலைப்பிலேயே குறிப்பிட்டது. இருவர் பெயரையும் தாங்கிய ‘ராம்-லாக்’ வடிப்பி இன்றும் டோமோகிராஃபியில் வழக்கிலிருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மாதிரியைச் சுமார் 60 பாகைக்கு மேல் சாய்க்க இயலாததால் தரவில் ஓர் ஆப்பு வடிவ இடைவெளி விழுகிறது. கதிர்வீச்சு புரதத்தைச் சிதைக்கும் என்பதால் எலக்ட்ரான்களைச் சிக்கனமாகவே பாய்ச்ச வேண்டும். படம் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே முப்பரிமாண உருவிலிருந்து ஆயிரக்கணக்கான துணுக்குகளை வெட்டியெடுத்து, ஒரே திசையில் அடுக்கி, வகைபிரித்து, சராசரி காண்கிறார்கள்.

ஆனால் எந்த வடிவத்தை வார்ப்பாகக் கொண்டு அந்தத் துணுக்குகளைத் தேடுவது? விவரம் நிறைந்த வார்ப்பைக் கொடுத்தால் வெறும் இரைச்சலிலிருந்தும் அதே உருவம் எழும் என்று கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி அறிஞர் ரிச்சர்ட் ஹெண்டர்சன் 2013இல் எச்சரித்தார். லூ கான் குழுவினர் அம்சம் ஏதுமற்ற வெற்று உருளையைக் கொண்டே தேடினர். இந்தத் தன்னடக்கமே ஆய்வின் வலிமை.

‘காணவில்லை’ என்பது மென்பொருளின் பார்வைக்குறையாக இருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு அவர்களிடம் விடை உண்டு. ஹிஸ்டோன் எச்2ஏ முழுவதிலும் ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தை இணைத்த ஈஸ்ட் வகையில், உட்கருவை உடைத்து வெளியே எடுத்த கலவையில் பாடநூல் வடிவம் தெரிந்தது. உடையாத செல்லுக்குள் தெரியவில்லை. நெரிசல்தான் கண்ணை மறைத்தது என்றும் சொல்லிவிட முடியாது: இதே குழு 2018இல் மனித செல்லின் உட்கருவுக்குள்ளேயே அவ்வடிவத்தை அடையாளம் கண்டிருந்தது.

எனினும், ஈஸ்டில் மீதமுள்ள நியூக்ளியோசோம்கள் எப்படி இருக்கின்றன? ஒன்றுபோல் இல்லாதவற்றைச் சராசரி ஒன்றாக்கினால் மிஞ்சுவது மங்கல்தான். தெரிந்த வடிவங்களில் பயின்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கியுள்ள நிலையில், தெரியாத வடிவங்கள் முதல் சல்லடையிலேயே கழிந்துபோகும் ஆபத்து கூடுகிறது. எனவே இறுதிச் சராசரியோடு, கழிக்கப்பட்ட வகைகளையும் மூலச் சாய்வுப் படவரிசைகளையும் வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். எம்பியார் போன்ற பொதுக் களஞ்சியங்கள் அதற்கு ஏற்கெனவே இடம் தருகின்றன.