ஐம்பது கிலோமீற்றருக்கு ஒன்று: சார்ஜ் காசு யாருக்கு?

மின்வாகனங்களுக்கு சார்ஜிங் பொயிண்ட் போட அரசாங்கங்கள் காசு குடுக்கிற கதை ரொம்பப் பழசில்லை. ஆனா அந்தச் சின்ன வரலாற்றில் ஒரு விசயம் திரும்பத் திரும்ப வருது. காசு எவ்வளவு என்பதை விட, அதைக் கேட்கிற தகுதி யாருக்கு இருக்கு என்பதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. சுருவில் மாதிரி ஒரு ஊரில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாத் தெரியும்.

நோர்வேயில் தொடங்குவம். 2009இல், உலகப் பொருளாதாரம் படுத்திருந்த நேரம், ட்ரான்ஸ்நோவா என்ற அரச அமைப்பு 5 கோடி குரோனரை ஒதுக்கியது. அதில் ஏறத்தாழ 1,800 பொயிண்டுகள் வந்தன. பெரிய மெசின் ஒண்டுமில்லை, வீட்டுச் சுவரில் இருக்கிற மாதிரி சாதாரண பிளக்தான். பிறகு ஈனோவா என்ற இன்னொரு அரச நிறுவனம் அந்தப் பொறுப்பை எடுத்தது. பிரதான வீதிகளில் 50 கிலோமீற்றருக்கு ஒருக்கா விரைவு சார்ஜர் வேணும், அதுக்கு அரசு உதவும் என்றது. கம்பனிகள் போட்டி போட்டன. நாடு முழுக்க வலை விரிந்தது, இரண்டு இடங்களைத் தவிர: லொஃபோட்டன் தீவுகளும் வடகோடியில் இருக்கிற பின்மார்க்கும். அங்க வாகனம் குறைவு, கம்பனிக்கு லாபம் வராது. கடைசியில் வடக்குக்கென்று தனியாக உதவித்திட்டம் வகுக்க வேண்டி வந்தது.

பின்மார்க் எங்களுக்குத் தெரியாத ஊரில்லை. எண்பதுகளில் இருந்து யாழ்ப்பாணத்துச் சனம் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள்ள நிண்டு வேலை செய்த இடம். தீவையும் கரையையும் விட்டுப் போய், இன்னொரு நாட்டின் விடுபட்ட மூலையில் குடியிருந்திருக்கினம்.

அமெரிக்காவின் 2021 உட்கட்டமைப்புச் சட்டம் இதற்கு 500 கோடி டொலர் வைத்தது. செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு தரும். தொடக்கத்தில் இருந்த நிபந்தனையைக் கேளுங்கோ: குறித்த நெடுஞ்சாலைகளில் 50 மைலுக்கு ஒரு நிலையம், வீதியில் இருந்து ஒரு மைலுக்குள்ள, ஒரே நேரத்தில் நாலு வாகனத்துக்குத் தலா 150 கிலோவாற். இந்தியாவின் முந்திய வழிகாட்டு விதியில் நகரத்தில் 3 கிலோமீற்றர் சதுரத்துக்கு ஒண்டு, நெடுஞ்சாலையில் 25 கிலோமீற்றருக்கு ஒண்டு என்று இருந்தது.

இப்ப இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வாங்கோ. யாழ் நகரில் இருந்து ஊர்காவற்றுறை முனைக்கோ குறிகட்டுவானுக்கோ போய்ச் சேர்ந்தாலும் 50 கிலோமீற்றர் வராது. நகரத்தில் ஒரு பொயிண்ட் போட்டாச்செண்டால், கணக்குப்படி தீவுப்பகுதி முழுக்க "சேவை பெற்ற பகுதி". நெடுந்தீவும் நயினாதீவும் கடலுக்கு அங்கால இருக்கெண்டு மைல்கல்லுக்குத் தெரியாது.

சனத்தொகையை வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். ஆனா அந்தச் சனத்தொகை ஏன் குறைஞ்சது? 1990, 91இல் ராணுவம் தீவுகளைப் பிடித்தபோது வேலணைத் தீவில் இருந்து பெரும்பாலான சனம் வெளிக்கிட்டது. நிறையப் பேர் திரும்பவில்லை. போர் வெறுமையாக்கின ஊரைப் பார்த்து "ஆக்கள் காணாது" என்று சொல்லுகிற விண்ணப்பப் படிவம் நடுநிலையான படிவம் இல்லை என்பது என்ர எண்ணம்.

எரிபொருள் இல்லாமல் வாகனம் ஓட்டுறது எங்களுக்குப் புதுசில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்கு வராது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினவை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவை. 2022 ஜூன் கடைசியில் நாடு முழுக்க அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தபோது, தெற்குக்கு அது முதல் அனுபவம். வடக்கில் வயசான ஆக்களுக்குப் பழைய ஞாபகம்.

இலங்கை அரசின் சலுகை எங்க போனது எண்டும் பார்க்கவேணும். 2015இல் குறைந்த வரியில் நிசான் லீஃப் கார்கள் வந்திறங்கின. சலுகை காரை வாங்கக் காசுள்ளவருக்கு. 2020இல் வாகன இறக்குமதியே நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது.

தீவுகளுக்கு மின்சாரத்துக்காகப் பெரிய காசு வந்த ஒரு தருணமும் இருக்கு. அது வந்த விதம்தான் வேற. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையில் இல்லாமல் டீசல் ஜெனரேற்றரில் ஓடுகிற தீவுகள். எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஒரு சின்ன கலப்பு மின்நிலையம் ஏற்கெனவே வந்திருந்தது. அதே வங்கியின் நிதியில் இந்த மூன்றுக்குமான கேள்விப்பத்திரத்தை 2021 ஜனவரியில் சினோ சோர் என்ற சீனக் கம்பனி வென்றது. இந்தியா எதிர்த்தது, தமிழ்நாட்டுக் கரை கிட்டத்தானே. அந்த வருசக் கடைசியில் "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டதென்று சீனத் தூதரகம் அறிவித்தது. கம்பனி மாலைதீவுக்குப் போய் 12 தீவுகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 2022 மார்ச்சில் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது, இந்திய நன்கொடையில் செய்வதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1இல் பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம்: 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, 2,400 கிலோவாற் மணி பற்றரி, துணைக்கு டீசல்.

தகுதி எங்கயிருந்து வந்தது? நெடுந்தீவில் இரவில் விளக்கு மங்குது என்பதால் இல்லை. வரைபடத்தில் தீவு எங்க கிடக்குது என்பதால்.

அந்த எண்களை ஒருக்கா சார்ஜிங்கோடு வைத்துப் பாருங்கோ. 2,400 கிலோவாற் மணி என்றால் பழைய 24 கிலோவாற் மணி லீஃப் 100 காரின் பற்றரி. அமெரிக்க நிபந்தனைப்படி ஒரே ஒரு நிலையம் 600 கிலோவாற். மூன்று தீவின் காற்றாலை மின்சாரத்தையும் விட அது கூட! "விரைவு சார்ஜருக்கு மட்டும் உதவி" என்ற விதியை இங்க அப்படியே இறக்கினால் ஒருத்தரும் விண்ணப்பிக்கேலாது.

எங்களுக்குப் பொருந்துறது 2009இன் நோர்வே பிளக். குறிகட்டுவான் இறங்குதுறையிலோ சுருவில் சந்தியிலோ இரவு நிக்கிற ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மெல்லச் சார்ஜ் ஏறினால் போதும். அப்படியான பொயிண்டுக்குப் பிரதேச சபையும் கடற்றொழிலாளர் சங்கமும் விண்ணப்பிக்கிற மாதிரி விதி எழுதவேணும். தூரத்தை நெடுஞ்சாலையில் இருந்து அளக்காமல், கடைசிப் படகு விடுகிற துறையில் இருந்து அளக்கவேணும்.