பட்டம் வேறு, கையொப்பம் வேறு

பிரிட்டனில் விமானப் பராமரிப்பு பல்கலைக்கழகப் பாடமாவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே உரிமத் தொழிலாகிவிட்டது. 1919இல் வான்போக்குவரத்து விதிகளை வகுத்தபோதே, பயணிகளை ஏற்றும் விமானம் பறக்கத் தகுதியானது என்று சான்றளிக்க ‘கிரவுண்ட் இன்ஜினியர்’ உரிமம் பெற்ற ஒருவர் வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. அதற்குப் பட்டம் கேட்கப்படவில்லை. ஏமி ஜான்சன் இதற்கு நல்ல சான்று. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த அவர், லண்டனில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டாக் லேன் விமானக் கொட்டகையில் எஞ்சின் வேலை கற்றார். 1929 இறுதியில் அந்த உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண்ணானார். 1930 மே மாதத்தில் தனியாக ஆஸ்திரேலியா வரை பறந்தார். உரிமத்தை ஈட்டித் தந்தது அவருடைய பட்டமல்ல, கொட்டகை வேலையும் அதையொட்டிய தேர்வும். ஒருவர் போடும் கையொப்பத்தை நம்பி விமானத்தை மேலே அனுப்பலாமா என்பதே உரிமம் எழுப்பிய கேள்வி.

அது மரமும் துணியும் கொண்டு விமானம் கட்டிய காலம். கணினியும் கார்பன் இழையும் நிறைந்த இன்றைய விமானத்துக்கு அந்த நியாயம் பொருந்துமா என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கொண்டுவந்த ‘பார்ட்-66’ விதிகள் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டன. முக்கியமாக உடற்பகுதி, எஞ்சின் வேலைக்கு ‘பி1’, மின்னணுக் கருவிகளுக்கு ‘பி2’ என்று உரிமத்தைப் பிரித்தன. தேர்வுகளில் 75 விழுக்காடு மதிப்பெண் கேட்டன. கிங்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தப் பாடத்திட்டத்தைப் பட்டத்தோடு இணைத்தன. ஆனால் கல்வியால் குறைந்தது ஆண்டுக்கணக்குதான்: தொழிற்பயிற்சி இல்லாதவருக்கு ஐந்து ஆண்டுப் பணி அனுபவம், அங்கீகாரம் பெற்ற முழுப் பயிற்சியை முடித்தவருக்கு இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டை விதி விட்டுக்கொடுக்கவில்லை.

அனுபவமே ஆபத்தாகலாம் என்பது இன்னும் கூர்மையான மறுப்பு. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்து, கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. நல்லவேளையாக எல்லோரும் உயிர்பிழைத்தனர். கண்ணாடியை இறுக்கிய 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவை. அவற்றைப் பூட்டியவர் அனுபவசாலி. உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். கைப்பழக்கம் ஏமாற்றும் இடத்தில் ஏட்டைப் புரட்டும் பழக்கம் வேண்டும். அதை வகுப்பறை ஊட்டலாம். மனிதர் ஏன் தவறுகிறார் என்பதும் இன்று உரிமத் தேர்வில் தனிப் பாடம். ஆயினும் நள்ளிரவில், நேர நெருக்கடியில், அந்தப் பட்டியலை ஒருவர் திறந்து பார்ப்பாரா என்பதை வினாத்தாள் அளக்காது. கொட்டகையில் மேற்பார்வையின் கீழ் கழியும் காலமே காட்டிக்கொடுக்கும். எனவே அனுபவ விதி பழைய தொழிலாளர் மரபின் எச்சமல்ல. பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டுகளைப் பட்டத்துக்குப் பிந்தைய காத்திருப்பாக விட்டுவிடாமல் படிப்பின் பகுதியாகவே திட்டமிடுவதுதான் முறை.