பழைய கார் தெரியுமா உங்களுக்கு?

கொல்கத்தாவில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் நல்ல காபிப்பொடி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்வோம். இரண்டு பழைய கார் பைத்தியங்கள் சந்தித்தால் ஒருவருக்கொருவர் பரீட்சை வைத்துக்கொள்வார்கள். நான் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறேன். ஞாயிறு காலை டீக்கடையில் கூடும் தாதாக்களோடு (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், பயப்படாதீர்கள்) உட்கார்ந்து எத்தனையோ கேள்விகளைக் கேட்டாயிற்று, கேட்கப்பட்டும் ஆயிற்று.

அம்பாசிடர் எந்த வருடம் வந்தது, பத்மினிக்கு எத்தனை சிசி என்பதெல்லாம் மனப்பாடக் கேள்விகள். 1957, 1089 என்று ஒப்பித்துவிட்டால் முடிந்தது. ஒரு ஆளுக்கு உண்மையிலேயே கார் சரித்திரம் தெரியுமா என்று பார்க்க எனக்குப் பிடித்த கேள்விகள் வேறு.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் முதல் தொழிற்சாலை எங்கே இருந்தது? இதை இந்த ஊரில் கேட்டால், கேள்வி முடிவதற்குள் "உத்தர்பாரா" என்று பதில் வரும். வராமல் என்ன? ஹவுரா பக்கத்து லோக்கல் ரயிலில் போனால் 'ஹிந்த் மோட்டார்' என்று ஸ்டேஷனே இருக்கிறது. 2014 மே மாதம் தொழிற்சாலையை மூடினார்கள், ஸ்டேஷன் பெயர் நிற்கிறது. ஆனால் 1942-இல் பிர்லா குடும்பம் கம்பெனியை ஆரம்பித்தது குஜராத்தின் ஓகா துறைமுகத்தில். உத்தர்பாராவுக்கு வந்தது 1948-இல்தான். ஓகாவில் மோரிஸ் டென் காரை 'ஹிந்துஸ்தான் டென்' என்று பெயர் மாற்றிப் பூட்டினார்கள். பிறகு லேண்ட்மாஸ்டர், அதன் பிறகு மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ், அதாவது நம் அம்பாசிடர். இதைச் சொன்னால் தாதாக்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அம்பாசிடரை ரசகுல்லா மாதிரி தங்கள் சொந்தச் சரக்கு என்று நினைக்கிறவர்கள்.

அடுத்தது பானட்டுக்கு அடியில் உள்ள கேள்வி. அம்பாசிடர் மாறவே இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம். மாறாதது மேல்சட்டைதான். ஆரம்பத்தில் சைடு வால்வு என்ஜின், 1959-இல் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு, பின்னாளில் டீசல், தொண்ணூறுகளில் இசுசு 1800. "என்னோடது ஒரிஜினல்" என்று ஒருவர் சொன்னால் எதற்கு ஒரிஜினல் என்று கேட்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்கிறது. சேசிஸ், பாடி, என்ஜின் பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்றும் நிபந்தனை போடுகிறது. அதனால் இனிமேல் இது வெறும் டீக்கடை வாதம் இல்லை.

(இங்கிலாந்தின் பழைய கார்க்காரர்கள் 1930 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்த எதையும் விண்டேஜ் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நம் கணக்கில் 1974-இல் பெயர் மாறிய பத்மினியே விண்டேஜ் ஆகிவிட்டது. போகட்டும்.)

மூன்றாவது கேள்வியை நான் கொஞ்சம் கர்வத்தோடுதான் கேட்பேன். நாலு கதவு வைத்த ஹெரால்டு எந்த நாட்டில் தயாரானது? பெரும்பாலும் "இங்கிலாந்து" என்பார்கள். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் வந்து 1971 வரை ஓடியது. இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த அழகான வண்டி. ஆனால் அங்கே கடைசிவரை இரண்டு கதவுதான். மாமனார், மாமியார், மூன்று பிள்ளைகள், மடியில் ஒன்று என்று ஏறும் நம்மூர் குடும்பத்துக்கு இரண்டு கதவு எப்படிப் போதும்? நாலு கதவு வைத்தது மெட்ராஸ். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-இல் ஹெரால்டைத் தொடங்கி, அறுபதுகளின் கடைசியில் மார்க் 3 என்று நாலு கதவோடு விட்டது.

அதோடு நிற்கவில்லை. 1972-இல் அதையே மாற்றி 'கெசல்' என்று கொண்டுவந்தார்கள். ஹெரால்டின் பின் ஆக்சில் இங்கே கார் வைத்திருந்தவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு நேரான கெட்டி ஆக்சில் போட்டார்கள். காப்பியடித்தவன் இப்படி மெக்கானிக் பேச்சைக் கேட்டுத் திருத்த மாட்டான். எங்கள் ஊர் டாக்டரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. அது சீமை வண்டி என்றே சிறுவயதில் நினைத்திருந்தோம். தாம்பரம் தாண்டிப் பிறந்த வண்டி என்று யாருமே சொல்லவில்லை.

அதே கம்பெனி 1985-இல் செய்த ஸ்டாண்டர்டு 2000 சோகக் கதை. மேலே ரோவரின் நவீன பாடி, உள்ளே நாற்பதுகளின் வேன்கார்டு பரம்பரையில் வந்த பழைய என்ஜின். பட்டு வேட்டி கட்டி ஹவாய் செருப்பு போட்ட மாதிரி. சில வருடங்களில் கதை முடிந்தது.

கடைசிக் கேள்வி பி.காம் படித்தவன் கேட்கிற கேள்வி. எந்தக் காலத்தில் பழைய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது? தேய்மானம் என்று ஒரு பாடம் படித்தோமே, வாங்கிய மறுநாளே மதிப்பு குறையும் என்று! அறுபது எழுபதுகளில் அந்தப் பாடம் தலைகீழாக நின்றது. மூன்றே கம்பெனி, எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், வெளியிலிருந்து எதையும் தருவிக்க அந்நியச் செலாவணி இல்லை. டெபாசிட் கட்டிவிட்டு, முக்கியமாக ஃபியட்டுக்கு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். உடனே கைக்கு வரும் பழைய வண்டிக்கு மேல்விலை. இதைத் தடுக்க 1959-இலேயே ஒரு கட்டுப்பாட்டு ஆணை, புது வண்டியைக் குறிப்பிட்ட காலம் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது என்று. 1969-இல் விலைக்கும் கட்டுப்பாடு வந்தது, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின, 1971-இல் தீர்ப்பு வந்தது.

"அம்பாசிடர் ஏன் ஐம்பத்தேழு வருடம் ஓடியது?" என்று கேட்டால் உறுதியான வண்டி என்பார்கள். உறுதிதான். ஆனால் முதல் கால் நூற்றாண்டு, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளருக்காக யார் டிசைனை மாற்றுவார்கள்? 1983 டிசம்பரில் மாருதி வந்தபிறகுதான் வரிசை கலைய ஆரம்பித்தது. சிசி தெரிந்தவர்களைவிட இது தெரிந்தவர்களுக்கு நான் அதிக மார்க் போடுவேன்.

வண்டிகளே குறைந்துவருகின்றன. மும்பையில் பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு முடிந்தது. இங்கே டாக்சிக்கு 15 வருடம்தான் கணக்கு. கடைசியாகத் தயாரான மஞ்சள் அம்பாசிடருக்கும் 2029-க்குமேல் இடமில்லை. வண்டியையாவது யாராவது பணக்காரர் வாங்கி மெருகேற்றி வைப்பார். அந்தக் காத்திருப்புக்கு சாட்சியான காகிதங்களை யார் வைப்பார்கள்? ஆர்.சி. புத்தகம் வண்டியோடு போய்விடும். புக்கிங் ரசீது, டெபாசிட் கட்டிய சீட்டு, "தங்கள் முறை வந்துள்ளது" என்ற டீலர் கடிதம் எல்லாம் ஊர் வீட்டு பீரோவில்தான் இருக்கும். நாமோ அந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்து எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஊருக்குப் போனால் தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒருதரம் கிளறிப் பாருங்கள். புக்கிங் தேதியும் டெலிவரி தேதியும் சேர்ந்து கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். கொல்கத்தா வந்தால் ஃபில்டர் காபி என் செலவு.