ரெண்டாவது கையெழுத்து

போன மாசம் லேப்டாப் வாங்க ஒரு ஆப்பில் கடன் கேட்டேன். நாலே நிமிஷம், பணம் அக்கவுண்ட்டில். ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட இதைப் பெருமையா சொன்னேன். அவர் சிரிக்கல.

"உங்க தாத்தா ஒரு ஜோடி உழவு மாடு வாங்க சங்கத்துக்கு எத்தனை நடை நடந்தார் தெரியுமா? ஜாமீன் போட ரெண்டு உறுப்பினர் வேணும்னாங்க. நம்ம தெருவுல உறுப்பினரே ஒருத்தர்தான். ரெண்டாவது கையெழுத்து கடைசி வரைக்கும் கிடைக்கலடா."

அந்த ரெண்டாவது கையெழுத்து எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். ஜெர்மனியில் போய் நின்னது.

1846–47 குளிர்காலம். ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம். வையர்புஷ் என்ற ஊரின் மேயர் ரைஃபைசன், வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கிடைக்க வழி செய்தார். தர்மத்தை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்பது பிறகு அவருக்குப் புரிந்தது. 1864-இல் ஹெடஸ்டோர்ஃபில் தொடங்கிய சங்கத்தில் கடன் வாங்குபவர்களே உறுப்பினர்கள். சங்கம் நொடித்தால் எல்லோர் சொத்தும் பொறுப்பு.

இதில் என்ன லாஜிக்? ஏழையிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை. ஆனா அவர் உழைப்பாளியா, குடிகாரரா, விதைக்கு வாங்கின பணத்தில் விதைதான் வாங்கினாரா, எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். பட்டணத்து வங்கிக்கு அது தெரியாது. அதாவது, கிரெடிட் ஸ்கோரை ஊரே கணக்குப் போட்டு வெச்சிருந்தது. தன் சொத்தும் போகும் என்பதால் ஒருவரை ஒருவர் கண்காணிக்கவும் செய்தார்கள்.

வட்டிக்கடையில் சிக்கியிருந்த நம்ம விவசாயிகளுக்கு வழி தேட, மெட்ராஸ் மாகாண அரசு ஃப்ரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1895, 1897-இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய அறிக்கையின் சாரம்: நமக்கும் ஒரு ரைஃபைசன் வேண்டும். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் சங்கம் பதிவானது.

அந்தச் சட்டப்படி உறுப்பினர்கள் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கணும். பதிவாளர் சம்மதித்தால் ஒரே சாதிக்காரர்களாகவும் இருக்கலாம். காகிதத்தில் 'ஒரே ஊர்'னு எழுதிடலாம். ஆனா நம்ம கிராமத்தில் ஊர் தனி, சேரி தனி. யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். தன் நிலமே பொறுப்பு என்னும்போது, நிலமில்லாதவரை யார் சேர்ப்பார்?

எங்க தாத்தா நாணயமானவர்னு ஊருக்கே தெரியும். தகவலுக்குக் குறைச்சலே இல்லை. ஆனா ஒருத்தரைத் தெரிஞ்சிருப்பது வேற, அவர் பேருக்குப் பக்கத்தில் தன் பேரை எழுதுவது வேற. இந்த இடைவெளியைத்தான் வட்டிக்காரர் நிரப்பினார். தாத்தா மாடு வாங்கியது அவரிடம்தான். மாடு செத்த பிறகும் வட்டி உயிரோட இருந்ததுன்னு அப்பா சொன்னார்.

எனக்கு நாலு நிமிஷத்தில் கடன் கிடைச்சது ஜாமீனே இல்லாமலா? இல்லை. மாசாமாசம் கம்பெனி போடும் சம்பளம் எனக்காகக் கையெழுத்துப் போட்டது. தாத்தாவுக்கு அப்படி ஒண்ணு இல்லை, அவ்வளவுதான்.

இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: அவங்களுக்கு ஜாமீன் போட்டது யார், மறுத்தது யார்? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.