ஒரு சிற்றூருக்கு வேலை கொடுத்த அகதிக் குடும்பம்

அகதியாக வருபவர் வந்த ஊருக்குப் பாரம் என்று யாராவது சொன்னால், நான் கனடாவின் அன்ரிகோனிஷ் ஊரைக் காட்டுவேன். நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஏறக்குறைய 5,000 பேர் வாழும் சிற்றூர் அது.

சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் இசாம் ஹதாத் 1986இல் சொக்லேட் தொழிலைத் தொடங்கினார். 2012இல் குண்டுவீச்சு அவரது தொழிற்சாலையை அழித்தது. குடும்பம் லெபனானில் மூன்று ஆண்டுகள் தங்கியிருந்தது. மகன் தாரிக் 2015 டிசெம்பரிலும் பெற்றோர் அடுத்த மாதமும் கனடா வந்து சேர்ந்தனர். பொறுப்பேற்று அழைத்தவர்கள் அன்ரிகோனிஷ் மக்கள்தான்.

தந்தை வீட்டுச் சமையலறையில் மீண்டும் சொக்லேட் செய்தார். ஊரார் சேர்ந்து வேலை செய்யச் சிறு கொட்டில் ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். 2016இல் 'பீஸ் பை சொக்லேட்' நிறுவனம் உருவானது. அதே ஆண்டு, அல்பேர்ட்டாவின் போர்ட் மக்மரி காட்டுத்தீயில் பாதிக்கப்பட்டோருக்குத் தன் இலாபத்தில் உதவியது. 2017இல் தொழிற்சாலை திறக்கப்பட்டது. உள்ளூர்க்காரருக்கும் அகதிகளுக்கும் அங்கே வேலை கிடைத்தது.

முகாமிலிருந்து மீண்ட எங்கள் ஆட்களிலும் கைத்தொழில் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நிவாரணப் பொதியோடு நிறுத்தாமல், அவர்களுக்கும் அப்படியொரு கொட்டிலைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பேன்.